பதில் எழுதியவர்கள்



யூதர்களைப் பற்றித் தமிழ் மேடையில் பேச வருகிறவர் தோகையில் தொடங்குவது ஏறக்குறையச் சடங்காகிவிட்டது. சாலமோன் அரசனுக்குக் கப்பலில் வந்த மயில், எபிரேய விவிலியத்தில் அதற்குள்ள பெயர், அந்தப் பெயருக்கும் தமிழுக்கும் உள்ள உறவு என்று கால்டுவெல் காலத்திலிருந்து சொல்லிவருகிறோம். அரைமணி நேரம் சுகமாகப் போகும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் யூதர்கள் என்ன சிந்தித்தார்கள் என்பது அந்த மயிலிடம் இல்லை. ஆகவே இன்று மயிலுக்கு ஓய்வு.

மெய்யியல் படிக்கும் மாணவர்களுக்கு யூதச் சிந்தனை எப்படி அறிமுகமாகிறது? ஒரு பெயர் வரிசையாக. ஃபிலோ, சஅதியா, மைமோனிடிஸ், ஸ்பினோசா, மெண்டல்சன், பூபர், லெவினாஸ். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இரண்டு வரி. கடவுள் இத்தகையவர் என்று சொல்ல முடியாது என்றவர் ஒருவர், கடவுளும் இயற்கையும் ஒன்றே என்றவர் இன்னொருவர். தேர்வுக்கு அது போதும். அந்த வரிசையில் விட்டுப்போவது, ஒவ்வொருவரிடமும் யார் என்ன கேட்டார்கள் என்பது. இவர்களில் பெரும்பாலோர் தாமாக உட்கார்ந்து தத்துவம் எழுதியவர்கள் அல்லர். ஒருவர் கேட்டார், இவர்கள் பதில் எழுதினார்கள். கேட்டவர் பெயர் தெரிந்த மாணவனாக இருக்கலாம், ஊர்பேர் தெரியாத மதம் மாறியவராக இருக்கலாம், எதிரியாகவும் இருக்கலாம். கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் அச்சடிப்பதால்தான் இந்தச் சிந்தனை நமக்குச் சூத்திரம்போலத் தெரிகிறது என்பது என் கட்சி.

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் 1920இல் தம் ஆய்வு வழிகாட்டியும் வரலாற்றறிஞருமான மைனெக்கேவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பல்கலைக்கழகப் பணி வேண்டாம் என்று சொல்லும் கடிதம். ஹெகலைப் பற்றிப் பெரிய நூல் எழுதி முடித்திருந்தவர் அவர். எல்லாக் கேள்வியும் கேட்கத்தக்கது என்று இப்போது தோன்றவில்லை, என்னிடம் யாராவது கேட்டால்தான் நான் தேடுவேன், அதுவும் கேட்பவர் அறிஞராக அல்லாமல் மனிதராக இருக்க வேண்டும் என்பது அக்கடிதத்தின் சாரம். அவரிடம் பிறகு வருவோம். அவர் சொன்ன வழியில் பின்னோக்கி நடந்து பார்த்தால், அது அவருடைய புதுமை அல்ல, மிகப் பழைய பழக்கம் என்று தெரிகிறது.

கி.பி. 987. வட ஆப்பிரிக்காவின் கைரவான் ஊர் யூதர்கள் பாபிலோனியாவில் பும்பெதித்தா கல்விக்கூடத்தின் தலைவராக இருந்த ஷெரிராவுக்கு எழுதிக் கேட்கிறார்கள்: மிஷ்னா என்ற வாய்மொழிச் சட்டத் தொகுப்பு எப்படி எழுதப்பட்டது? அதன் மீதான விவாதங்கள் அடங்கிய தல்மூத் எப்படித் தொகுக்கப்பட்டது? யாருக்குப் பின் யார்? இன்று தல்மூத்தின் வரலாற்றை எழுதும் எவரும் ஷெரிரா அனுப்பிய பதிலைத் தொடாமல் எழுத முடியாது. ஒரு மதத்தின் இலக்கிய வரலாறே தபாலில் போன பதிலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்துத் தபால் என்றால் வணிகர்கள்தான். மிளகுக் கணக்கும் வேதச் சந்தேகமும் ஒரே மூட்டையில் போய்வந்தன.

அந்த மூட்டைகளில் ஒரு பகுதி நம் கைக்கு வந்தது பழைய கெய்ரோவில், ஃபுஸ்தாத் பகுதியில் உள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தின் காகித அறையால். கடவுள் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் போடக்கூடாது என்பது விதி. ஃபுஸ்தாத்காரர்கள் எபிரேய எழுத்து இருந்த தாளை எல்லாம் அதே மரியாதையோடு அந்த இருட்டறையில் போட்டார்கள். திருமண ஒப்பந்தம், கடைக்கணக்கு, பிள்ளைகளின் எழுத்துப்பயிற்சி, தத்துவம் எல்லாம் கலந்து நூற்றாண்டுக் கணக்கில் குவிந்தன. சாலமன் ஷெக்டர் 1896-97இல் அங்கே போய்ப் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுவந்தார். இன்று அங்கே சுமார் 1,93,000 துண்டுகள் இருக்கின்றன. அவற்றில் சில, மைமோனிடிஸின் சொந்தக் கையெழுத்து. மேலே யாரோ ஒருவர் பணிவாக எழுதிய கேள்வி. மிச்சமிருக்கும் இடத்தில் அவசர எழுத்தில் பதில். கடைசியில் தம் பெயரால், மோசே எழுதினார் என்ற பொருளில் ஒரு கையொப்பம். கேட்டவருடைய தாளிலேயே பதில். வேறு தாள் எடுக்கவில்லை.

மைமோனிடிஸ் 1138இல் ஸ்பெயினின் கோர்தோபாவில் பிறந்தவர். அல்மோகத்துகள் என்ற முஸ்லிம் மரபினரின் ஆட்சியில் ஊரைவிட்டு வெளியேறி, ஃபெஸ், ஆக்ரே வழியாக எகிப்துக்கு வந்து சேர்ந்த குடும்பம். பாடநூல் அவரை அரிஸ்டாட்டிலையும் யூத வேதமான தோராவையும் இணைத்தவர் என்று சொல்லி முடித்துக்கொள்ளும். அவருடைய பதில்களின் தொகுப்பைப் புரட்டினால் வேறொருவர் வெளிப்படுகிறார்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். கணவன் குழந்தைகளோடு தன்னை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் வெளியூர் போய்விட்ட ஒரு பெண். பிழைக்க வேண்டுமே. வேதம் வாசிக்கத் தெரிந்தவள் என்பதால் சகோதரனோடு சேர்ந்து சிறுவர்களுக்குப் பள்ளி நடத்துகிறாள். பள்ளி நிலைபெற்ற பிறகு கணவன் திரும்பி வருகிறான். பிள்ளைகளின் தகப்பன்மார் வந்துபோகும் இடம், எனக்குத் தலைகுனிவு, பள்ளியை மூடு, இல்லாவிட்டால் இரண்டாம் திருமணத்துக்குச் சம்மதி என்கிறான். மூடினால் பிள்ளைகள் வேறிடம் போய்விடுவார்கள், நீ மறுபடி கிளம்பினால் என் கதி என்ன என்கிறாள் அவள். இருவர் தரப்பிலிருந்தும் கேள்வி மைமோனிடிஸுக்குப் போகிறது. கணவன் தடுக்கலாம் என்பதுதான் சட்டம், அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் அவளுக்கு ஒரு வழி இருக்கிறது என்று எழுதுகிறார்: இந்த மனிதனோடு வாழ மாட்டேன் என்று அவள் சொல்லட்டும். நீதிமன்றம் அவனை மணவிலக்குத் தர வைக்கும். திருமணப் பணத்தை அவள் இழப்பாள். அதன்பின் அவள் தனக்குத் தானே எசமானி, விரும்பியதை விரும்பியவருக்குக் கற்பிக்கலாம்.

கணவனை வெறுக்கும் பெண் அவனுக்குச் சிறைப்பட்டவள் அல்லள் என்ற விதியை 1178 வாக்கில் முடித்த தம் சட்டத் தொகுப்பில் அவரே எழுதிவைத்திருந்தார். சட்டப் புத்தகத்தில் அது ஒரு பத்தி, இங்கே அது ஒரு பள்ளிக்கூடம். பிற்கால ரபிகள் பலர் அந்த விதியை ஏற்காமல் ஒதுக்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நான் மேடைப்பேச்சு மட்டும் பேசியவனாவேன்.

இன்னொரு கேள்வி ஒபதியா என்பவரிடமிருந்து. யூதத்துக்கு மாறி வந்தவர். முன்னோர்களின் கடவுளே என்று தொழுகையில் எல்லோரும் சொல்கிறார்களே, என் முன்னோர் வேறாயிற்றே, நான் அதைச் சொல்லலாமா? சொல், மாற்றாமல் சொல் என்று பதில் வருகிறது. ஆபிரகாமே வந்து சேர்ந்தவர்தான், வந்து சேர்கிற எல்லோருக்கும் அவர் தகப்பன். அதே ஒபதியா இன்னொரு முறை எழுதுகிறார்: முஸ்லிம்கள் உருவ வழிபாட்டினர் அல்லர் என்று சொன்னேன், என் ஆசிரியர் என்னை முட்டாள் என்று பலர் முன்னிலையில் ஏசினார். மைமோனிடிஸ், நீ சொன்னதே சரி என்று காரணத்தோடு விளக்குகிறார். அங்கே நிறுத்தவில்லை. உன் ஆசிரியர் பெரிய பாவம் செய்திருக்கிறார், நீ மாணவனாக இருந்தாலும் அவர்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். இஸ்லாமிய ஆட்சியால் ஊரை இழந்தவர் முஸ்லிம்களின் ஒருகடவுட் கொள்கைக்காக வாதாடுவது ஒரு பக்கம். சொல்லால் காயப்பட்ட மாணவனைக் கவனித்தது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது. ஏன் என்பது சற்று நேரத்தில் விளங்கும்.

‘திகைத்தோருக்கு வழிகாட்டி’ என்ற அவருடைய பெரிய தத்துவ நூலும் இந்த வகையே. ஜோசப் பென் யூதா என்ற மாணவர் மேற்கிலிருந்து வந்து அவரிடம் வானியலும் கணிதமும் தருக்கமும் கற்றார். அடுத்த படிக்கு அவசரப்பட்டார். அதற்குள் அலெப்போவுக்குப் போய்விட்டார். அவருக்காக அத்தியாயம் அத்தியாயமாக எழுதி அனுப்பியது 1190 வாக்கில் நூலானது. அரபு மொழி, எபிரேய எழுத்து. திகைத்தவர் என்று அவர் குறிப்பது நம்பிக்கை இல்லாதவரையோ படிக்காதவரையோ அல்ல. தோராவையும் விட முடியவில்லை, அறிவையும் விட முடியவில்லை என்று நடுவில் நிற்கிறவரை. அப்படிப்பட்டவர், கடவுளின் கை, கடவுளின் கோபம் என்று வேதத்தில் வருவதை என்ன செய்வார்? மைமோனிடிஸ் கடுமையான பதில் தருகிறார். கடவுளுக்கு நாம் ஏற்றிச் சொல்லும் ஒவ்வொரு குணமும் அவரை ஒன்றுக்கு மேற்பட்டதாக உடைக்கிறது. வலிமை உள்ளவர் என்றால், அவர் வேறு வலிமை வேறு என்றாகிவிடும். வலிமை அற்றவர் அல்லர் என்பதுவரைதான் நமக்கு உரிமை. அவர் எதுவல்ல என்று தெளியத் தெளிய நெருங்குகிறோம். புகழ்ந்து அடுக்கினால் விலகுகிறோம்.

நூலின் முன்னுரையில் ஒரு விசித்திரமான பக்கம் உண்டு. நூல்களில் முரண்பாடு வர ஏழு காரணங்கள் இருக்கின்றன என்று பட்டியலிட்டு, இந்த நூலில் முரண்பாடு தென்பட்டால் ஐந்தாவதும் ஏழாவதும்தான் காரணம் என்கிறார். ஐந்தாவது, கற்பிப்பவர் எளிதில் தொடங்கி மெல்லத் திருத்திக்கொண்டு போவது. ஏழாவது, பொதுமக்கள் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று வேண்டுமென்றே மறைப்பது. லியோ ஸ்ட்ராஸ் இந்த ஏழாவதைப் பிடித்துக்கொண்டு, நூல் முழுவதும் இரகசியம் என்று 1941இல் எழுதிய கட்டுரை பெரும்புகழ் பெற்றது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கடிதம் எழுதுகிற எவருக்கும் உள்ள கவலைதான் அது. பெறுபவரைத் தெரியும். அவர் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கப்போகிறவர் யார் என்று தெரியாது.

இந்தியாவோடு இங்கே உண்மையாகவே ஒரு முடிச்சு இருக்கிறது. மைமோனிடிஸின் தம்பி தாவீது வணிகர். செங்கடல் துறையான அய்தாபிலிருந்து அண்ணனுக்கு எழுதிய கடிதம் அந்தக் காகித அறையில் கிடைத்தது. பாலைவனத்தைத் தாண்டி வந்துவிட்டேன், இங்கே வாங்கத் தக்க சரக்கு இல்லை, இந்தியாவுக்கே போகிறேன் என்கிறார். போகும் வழியில் கடலில் மூழ்கினார். ஓராண்டு படுத்த படுக்கையாகக் கிடந்தேன், இன்றும் அவன் கையெழுத்தைக் கண்டால் மனம் புரள்கிறது என்று 1185இல், சாவுக்குப் பல ஆண்டு கழித்து, ஆக்ரே நண்பர் ஒருவருக்கு மைமோனிடிஸ் எழுதினார். தம்பியின் வணிகம் போனபின் மருத்துவம்தான் பிழைப்பு. ‘திகைத்தோருக்கு வழிகாட்டி’யை எபிரேயத்தில் பெயர்த்த சாமுவேல் இபின் திப்போன் நேரில் வந்து பேச விரும்பியபோது, 1199இல் அவர் அனுப்பிய பதில் தம் ஒருநாள் வேலையின் பட்டியல். காலையில் கெய்ரோவுக்குப் போய் அரண்மனை நோயாளிகளைப் பார்ப்பது. பிற்பகல் பசியோடு திரும்பினால் வீட்டு முற்றம் நிறைய மக்கள். சற்றுப் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு அந்த நாளின் ஒரே உணவை உண்பது. பிறகு படுத்துக்கொண்டே மருந்து எழுதித் தருவது. வந்தால் மகிழ்ச்சிதான், ஆனால் பயணத்தின் ஆபத்து வேண்டாம் என்றும் எழுதினார்.

கேள்விக்கும் பதிலுக்கும் உள்ள பொருத்தத்தையே கதையாக்கியவர் அவருக்கு முந்திய தலைமுறையின் யூதா ஹலேவி. அவர் 1140 வாக்கில் முடித்த ‘கூசாரி’, இழிவாக எண்ணப்படும் ஒரு சமயத்துக்காக வாதாடும் நூல் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. கசார் நாட்டு அரசனுக்கு ஒரு கனவு வருகிறது: உன் எண்ணம் நல்லது, உன் செயல் சரியில்லை. அரசன் முதலில் ஒரு தத்துவவாதியைக் கூப்பிடுகிறான். அவர் அழகாகப் பேசுகிறார். கடவுள் தனி மனிதர்களைக் கவனிப்பதில்லை, அறிவைத் தூய்மையாக்கு, எந்தச் சடங்கைச் செய்தாலும் ஒன்றுதான் என்கிறார். அரசன் மறுத்து வாதிடவில்லை. நீங்கள் சொல்வது சரியாகத்தான் படுகிறது, ஆனால் நான் கேட்டது இதுவல்ல என்கிறான். என் எண்ணம் நல்லது என்று கனவே சொல்லிவிட்டது. குறை செயலில். அதற்குப் பதில் எங்கே? பிறகு கிறித்தவர், முஸ்லிம், கடைசியில் ஒரு யூதர் வருகிறார்கள். தத்துவத்தைக் குற்றம் சொல்லப் பலர் நூல் எழுதியிருக்கிறார்கள். அது தவறு என்று சொல்லாமல், கேட்டதற்குப் பதில் அல்ல என்று சொல்லி நகர்ந்தவர் ஹலேவி.

அந்த நூலும் ஒருவர் கேட்டதால் எழுதப்பட்டதே. தல்மூத்தை ஏற்காத கராயிம் பிரிவைச் சேர்ந்த ஒருவர், கிறித்தவ ஸ்பெயினிலிருந்து கேள்வி எழுப்பினார். அதற்காக எழுதியது, பெரிதாக ஒன்றுமில்லை என்ற தொனியில் ஹலேவி தம் நண்பர் ஹல்ஃபோனுக்கு எழுதிய கடிதம் காகித அறையில் கிடைத்தது. இந்த ஹல்ஃபோன், ஸ்பெயினுக்கும் இந்தியாவுக்கும் போய்வந்த வணிகர். அவருடைய சமகாலத்தவரான ஆபிரகாம் பென் யிஜு 1132இலிருந்து பதினேழு ஆண்டுகள் மலபார்க் கரையில் வாழ்ந்து, மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்தினார். அவருடைய பழைய தாள்களிலும் சமயச் சட்டக் குறிப்புகள் இருக்கின்றன. யூதச் சிந்தனைக்கும் நமக்கும் உறவு தேடுகிறவர்கள் மயிலைவிட இந்தத் தாள்களை நாடலாம்.

பதில் பெறாதவர்களும் உண்டு. அலெக்சாந்திரியாவின் ஃபிலோ, ரோமப் பேரரசன் கலிகுலாவிடம் தம் மக்களுக்காகத் தூது போனவர், விவிலியத்தைப் பிளேட்டோவோடு சேர்த்து வாசித்துக் கிரேக்கத்தில் எழுதிக் குவித்தார். அவரைப் படித்துப் பாதுகாத்தவர்கள் கிறித்தவர்கள். ரபிகளின் நூல்களில் அவர் பெயரே இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியின் அசரியா தெய் ரோசி எடுத்துப் பேசும்வரை யூதர்களுக்கு அவர் இல்லாதவராகவே இருந்தார்.

ஆனால் மறதியைவிடக் கடுமையான ஒன்று இருக்கிறது. அதற்குத் தல்மூத்தின் மிகப் புகழ்பெற்ற கதைக்குப் போக வேண்டும். துண்டு துண்டாக வெட்டி நடுவே மணல் போட்டுச் சேர்த்த ஓர் அடுப்பு. அது தீட்டுப்படுமா படாதா என்று வழக்கு. ரபி எலியேசர் ஒரு பக்கம், மற்ற ரபிகள் எல்லோரும் மறுபக்கம். நான் சொல்வது சரியென்றால் இந்தக் கரோப் மரம் சாட்சி சொல்லட்டும் என்கிறார் எலியேசர். மரம் பெயர்ந்து தள்ளிப் போகிறது. நீரோடை திரும்பி ஓடுகிறது. கல்விக்கூடத்தின் சுவர் சாய்கிறது. கடைசியில் வானத்திலிருந்தே குரல் வருகிறது, எலியேசர் சொல்வதே சரியென்று. ரபி யோசுவா எழுந்து நின்று, தோரா வானத்தில் இல்லை என்கிறார். கொடுத்தாகிவிட்டது, இனிப் பெரும்பான்மைதான் முடிவு செய்யும். அதைக் கேட்டுக் கடவுள் சிரித்தாராம், பிள்ளைகள் என்னை வென்றுவிட்டார்கள் என்று.

தமிழருக்கு இங்கே நக்கீரர் நினைவு வராமல் இருக்காது. அவரும் இறைவனிடமே குற்றம் கண்டவர். ஆனால் அங்கே நெற்றிக்கண் திறந்தது, நக்கீரர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தார். இங்கே தோற்ற கடவுள் சிரிக்கிறார். யூதர்களின் வாதச் சுதந்திரத்துக்கு எடுத்துக்காட்டாக இந்தக் கதையைச் சொல்பவர்கள் சிரிப்போடு நிறுத்திவிடுவார்கள். நானும் பல இடங்களில் அப்படித்தான் கேட்டிருக்கிறேன். தல்மூத்தின் பக்கத்திலோ கதை அங்கே நிற்கவில்லை.

அன்றே எலியேசர் தூய்மை என்று தீர்ப்புச் சொன்ன பொருள்களை எல்லாம் கொண்டுவந்து எரித்தார்கள். வாக்கெடுத்து அவரை விலக்கிவைத்தார்கள். யார் போய்ச் சொல்வது? நான் போகிறேன் என்றார் அகிவா. தகுதியற்ற ஒருவன் போய்ச் சொல்லி, அவர் துயரத்தில் உலகமே அழிந்துவிடக் கூடாதே. கறுப்பு உடுத்துக்கொண்டு போய், எலியேசருக்கு நான்கு முழம் தள்ளி உட்கார்ந்தார். விலக்கப்பட்டவரிடமிருந்து நிற்க வேண்டிய தூரம் அது. இன்று என்ன புதிதாக, அகிவா? தோழர்கள் உங்களிடமிருந்து விலகி நிற்பதுபோல எனக்குத் தோன்றுகிறது, ஐயா. எலியேசர் ஆடையைக் கிழித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றித் தரையில் உட்கார்ந்து அழுதார். விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கருகியது. விலக்கிவைத்த தலைவர் கமாலியேல், எலியேசரின் மனைவி இம்மா ஷாலோமின் அண்ணன். கணவர் முகம் குப்புற விழுந்து மன்றாடினால் அண்ணனுக்கு ஆகாது என்று அவள் நாள்தோறும் காவல் காத்தாள். ஒருநாள் காவல் தவறியது. எழுந்திருங்கள், என் அண்ணனைக் கொன்றுவிட்டீர்கள் என்றாள். சாவுச் சேதியும் வந்தது. எல்லாக் கதவும் பூட்டப்பட்டாலும் புண்பட்டவரின் கதவு பூட்டப்படாது என்று என் வீட்டில் கேட்டிருக்கிறேன் என்பது அவள் சொன்ன காரணம்.

இந்தக் கதை இருக்கும் இடத்தைப் பாருங்கள். சட்ட அதிகாரம் பற்றிய பகுதியில் அல்ல. வாங்கல் விற்றலில் ஏமாற்றுவது குற்றம், அதைவிடச் சொல்லால் புண்படுத்துவது குற்றம் என்று பேசும் பகுதியில் இருக்கிறது. தொகுத்தவர்களுக்கு, யோசுவாவின் வெற்றி சரிதான். ஆனால் அவர்கள் கணக்கில் வைத்தது தோற்றவரின் கண்ணீரை.

அந்த நான்கு முழம் யூத வரலாற்றில் தொடர்ந்து வருகிறது. மைமோனிடிஸின் நூல்கள் மீது 1232இல் பிரான்சில் சண்டை மூண்டது. பார்சலோனாவில் 1305இல் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் கிரேக்கத் தத்துவம் படிக்கத் தடை போட்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் 27 ஜூலை 1656 அன்று, போர்த்துகீசிய மொழியில் வாசிக்கப்பட்ட ஆணையில் அந்த அளவே அப்படியே வருகிறது: பாருக் ஸ்பினோசாவோடு யாரும் பேசக்கூடாது, எழுதக்கூடாது, ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதியதை வாசிக்கக்கூடாது. வயது இருபத்துமூன்று. அவர் அதுவரை எதையும் அச்சிடவில்லை. என்ன கருத்துக்காக என்று ஆணையில் விளக்கமும் இல்லை. அகிவாவைப்போல யாரும் கறுப்பு உடுத்துப் போனதாகத் தெரியவில்லை.

ஸ்பினோசா யூதச் சிந்தனையாளரா என்று கேட்பார்கள். வீண் வழக்கு. அவர் யாருக்குப் பதில் எழுதினார் என்று பார்த்தால் போதும். பெயரில்லாமல், அச்சிட்ட ஊரையும் பொய்யாகப் போட்டு 1670இல் வெளிவந்த நூலில் அவர் நெடுநேரம் சண்டை போடுவது, 466 ஆண்டுகளுக்குமுன் இறந்த மைமோனிடிஸோடு. வேதம் அறிவுக்கு முரணானால் வேதத்துக்கு உள்பொருள் சொல்ல வேண்டும் என்றால், சாதாரண மக்கள் வேதத்தைப் புரிந்துகொள்ளத் தத்துவவாதிகளை நம்பியிருக்க வேண்டும், புதிதாக ஒரு பூசாரிக் கூட்டம் உருவாகும் என்பது அவர் வாதம். ஃபுஸ்தாத் முற்றத்தில் ஏழை நோயாளிகளைப் பார்த்தவருக்கு அது கொஞ்சம் அநியாயம்தான். ஆனால் குத்து சரியான இடத்தில் விழுகிறது. பிளைன்பெர்க் என்ற தானிய வணிகர் தீமை எங்கிருந்து வருகிறது என்று கேட்டு 1664இல் எழுதியபோது ஸ்பினோசா உற்சாகமாகப் பதில் போட்டார். கேட்பவர் தருக்கத்தைவிட வேதத்தையே மேலாக வைக்கிறார் என்று தெரிந்ததும் சுருக்கி, கடைசியில் நிறுத்திக்கொண்டார். அவருக்கும் ஒரு நான்கு முழம் இருந்தது.

விலக்கிவைக்கும் உரிமையே சமயத்துக்குக் கிடையாது என்று வெளிப்படையாக எழுதிய யூதர் மோசஸ் மெண்டல்சன். பதினான்கு வயதில் தெசாவிலிருந்து பெர்லினுக்கு வந்து, பட்டு ஆலையில் கணக்கராகி நிர்வாகியானவர். 1763இல் பெர்லின் கழகத்தின் கட்டுரைப் போட்டியில் இவருக்கு முதலிடம், காண்டுக்கு அடுத்த இடம். 1769இல் சூரிச்சின் பாதிரியார் லாவாட்டர், தாம் மொழிபெயர்த்த கிறித்தவ நூலை இவருக்கே காணிக்கையாக்கி, இதை மறுத்துக் காட்டு, இல்லாவிட்டால் செய்யவேண்டியதைச் செய் என்று ஊரறியக் கூப்பிட்டார். மதம் மாறு என்பதன் நாகரிக வடிவம் அது. மெண்டல்சன் பொறுமையாகப் பதில் எழுதினார். ஆனால் அதன்பின் சில ஆண்டுகள் நரம்பு நோயால் தத்துவம் பக்கமே போக முடியாதவரானார். 1782இல் பெயரில்லாத ஒரு சிறுநூல், விலக்கிவைப்பதை எதிர்க்கிற நீ மோசேயின் சமயத்தின் அடிக்கல்லையே பெயர்க்கிறாய் என்று மடக்கியது. மறு ஆண்டு வந்த ‘எருசலேம்’ அதற்குப் பதில். யூதத்தில் வெளிப்பாடாக வந்தவை நம்பவேண்டிய கொள்கைகள் அல்ல, நடக்கவேண்டிய விதிகள். நம்பிக்கையை ஆணையிட முடியாது, ஆகவே தண்டிக்கவும் முடியாது. அவருடைய ஆறு பிள்ளைகளில் நால்வர் பிற்பாடு கிறித்தவரானார்கள். பலர் இதை அவர் வாதத்தின் தோல்வியாகச் சொல்கிறார்கள். பிள்ளைகளை வைத்துத் தகப்பனின் தருக்கத்தை அளப்பது எனக்கு ஒப்பவில்லை.

ரோசன்ஸ்வைக்கிடம் திரும்புகிறேன். 1913 ஜூலையில் நண்பர் ரோசன்ஸ்டொக்கோடு ஓர் இரவு முழுக்க நடந்த வாக்குவாதத்தில் அவர் நிலைகுலைந்தார். ரோசன்ஸ்டொக் யூதக் குடும்பத்தில் பிறந்து கிறித்தவராகி உறுதியோடு நின்றவர். தாமும் மாறுவது என்று முடிவு செய்த ரோசன்ஸ்வைக், சில மாதங்களில், யூதனாகவே இருந்துவிடுகிறேன் என்று உறவினருக்கு எழுதினார். 1916இல் இருவரும் போர்முனையில். அங்கிருந்தே ஒருவருக்கொருவர் கடிதம், அதுவும் பூசிமெழுகாத கடிதம். 1918 ஆகஸ்டில், மாசிடோனிய முனையில், இராணுவ அஞ்சலட்டைகளில் ஒரு நூலை எழுதத் தொடங்கி அட்டைகளை அம்மாவுக்கு அனுப்பினார். ‘மீட்பின் விண்மீன்’ 1921இல் வெளிவந்தது. எளிதான நூல் அல்ல, நான் அதை இங்கே சுருக்கப்போவதில்லை. அதற்குள் அவர் ஃபிராங்ஃபர்ட்டில் பெரியவர்களுக்கான கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். எபிரேயம் மறந்த வழக்கறிஞர்களும் மருத்துவர்களும் கேட்கவும், அவர்களோடு கற்கவும் ஓரிடம். 1922இல் தசைகளை முடக்கும் நரம்பு நோய் உடலைப் பிடித்தது, பிறகு பேச்சும் போனது. மனைவி எடித்தின் துணையோடு, எழுத்தைக் குறித்துக் காட்டியே கடிதங்களும் நூல்களும் எழுதினார். பூபரோடு விவிலிய மொழிபெயர்ப்பும் ஹலேவியின் கவிதைகளின் மொழிபெயர்ப்பும் அந்த நிலையில் செய்தவை. 1929 டிசம்பரில், நாற்பத்திரண்டு வயதில் இறந்தார்.

நான்கு முழக் கதை இருபதாம் நூற்றாண்டில் 1963இல் திரும்ப வருகிறது. நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கைப் பற்றி ஹன்னா ஆரெண்ட் எழுதிய நூலைப் படித்த கெர்ஷோம் ஷோலெம், உன்னிடம் யூத மக்கள்மீது அன்பு இல்லை என்று எழுதினார். நான் எந்த மக்கள் கூட்டத்தையும் நேசித்ததில்லை, நண்பர்களைத்தான் நேசிக்கிறேன் என்பது ஆரெண்டின் பதிலின் சாரம். இரு கடிதங்களும் அச்சில் வந்தன. கால் நூற்றாண்டு நட்பு அதோடு போயிற்று. யார் சரி என்று இன்றும் கட்சி கட்டுகிறார்கள். அச்சில் ஏற்றியது தவறு என்பது மட்டும் எனக்கு உறுதி.

அதே 1963இல் பாரிஸில், பிரெஞ்சு மொழி யூத அறிஞர்களின் கூட்டத்தில், இம்மானுவேல் லெவினாஸ் மன்னிப்பைப் பற்றித் தல்மூத் பாடம் ஒன்று நடத்தினார். லித்துவேனியாவில் இருந்த அவர் குடும்பத்தாரை நாஜிகள் கொன்றார்கள். அவர் எடுத்துக்கொண்டது ராவ் என்ற இளம் அறிஞரின் கதை. ராவ் ஆசிரியர் முன் வேதப்பகுதியை வாசித்துக்கொண்டிருந்தார். தாமதமாக ஒருவர் வந்தார், ராவ் முதலிலிருந்து தொடங்கினார். இன்னொருவர் வந்தார், மறுபடி முதலிலிருந்து. மூன்றாமவருக்கும் அப்படியே. நான்காவதாக ஹனினா வந்தபோது, எத்தனை தடவைதான் என்று தொடர்ந்து வாசித்துவிட்டார். ஹனினா மனம் புண்பட்டார். பதின்மூன்று ஆண்டுகள், பாவமன்னிப்பு நாளுக்கு முந்தின நாளில் ராவ் போய்க் கேட்டும் ஹனினா மன்னிக்கவில்லை. ஏன்? ராவ் தலைவராவார் என்று ஹனினா கனவு கண்டிருந்தாராம்.

லெவினாஸ் இதை இப்படி வாசித்தார்: ராவின் அவமதிப்புக்கு அடியில் அவரே அறியாத பதவி ஆசை இருந்தது. தன் குற்றத்தின் ஆழம் தனக்கே தெரியாதவரை எப்படி மன்னிப்பது? ஜெர்மானியர் பலரை மன்னிக்க முடியும், நாஜிகளோடு சேர்ந்த தத்துவவாதி ஹைடெக்கரை மன்னிப்பது கடினம் என்றார். ஃபிரைபுர்க்கில் அவரிடம் நேரில் கற்றவர் லெவினாஸ். என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டிய அறிவு அது என்பதே குற்றச்சாட்டு.

உரை உருக்குகிறது, ஆனால் கதைக்கு அந்தப் பொருள் ஒட்டவில்லை என்று நினைக்கிறேன். தல்மூத்தே நேரடியாக வேறு காரணம் சொல்கிறது. ராவ் இங்கேயே இருந்தால் தமக்குப் போட்டி, மன்னிக்காமல் இருந்தால் பாபிலோனியாவுக்குப் போய்க் கற்பிப்பார் என்று ஹனினா கணக்குப் போட்டார். சிறுமையான கணக்குத்தான். ராவ் போனார். ஷெரிராவின் பதிலின்படி அது கி.பி. 219. அங்கே அவர் தொடங்கிய சூரா கல்விக்கூடத்துக்குத்தான், ஏழு நூற்றாண்டு கழித்து 928இல், சஅதியா தலைவராக வந்தார். இடைக்காலத்தின் முதல் பெரிய யூதத் தத்துவ நூலை 933இல் எழுதிய அவருக்கும், எதிரே கேள்வி கேட்டு நின்றவர்கள் கராயிம்கள்தான்.